ஒரு புதன்கிழமை லீவு

எங்கள் வீட்டு வேலைக்கு வருகிறவள் குசினிச் சிங்கில் வாந்தியெடுத்த அன்று அக்கா முதலில் தேடியது ப்ளீச்சிங் பவுடரை.

"நல்லா உரஞ்சிக் கழுவு. அதுக்குள்ளதான் மரக்கறி கழுவுறது."

ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றவில்லை. நான் கந்தோர் வேலைக்கு வெளிக்கிட்டு வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவள், திரும்பிப் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு, மிச்சத்தைக் குடிக்காமல் பிரஷ்ஷை எடுத்து உரஞ்சத் தொடங்கினாள். அக்கா அவளுடைய முதுகைப் பார்த்தபடி என்னிடம் மெல்லச் சொன்னாள்:

"திரும்பவும் போல. கடைசிப் பிள்ளைக்கு இன்னும் ஒரு வயசாகேல்லை. என்ன சனமோ!"

மெல்லச் சொன்னது அவளுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காக இல்லை. அருவருப்பான விஷயங்களை அக்கா அந்தக் குரலில்தான் சொல்வாள்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் எங்கள் ஃபிளாட் ஐந்தாம் மாடியில் இருந்தது. அக்கா, அத்தான், அவர்களின் இரண்டு பிள்ளைகள், கலியாணம் கட்டாத நான். அவள் கிராண்ட்பாஸில் இருந்து பஸ்ஸில் வருவாள். அங்கே ஒரு தோட்டத்தில் குடியிருந்தாள். கொழும்பில் தோட்டம் என்றால் செடிகொடி இல்லை; ஒரு பொதுக்குழாயைச் சுற்றி நெருக்கிக் கட்டின ஒற்றை அறை வீடுகள். அவளுடைய தாய் தகப்பன் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கி வந்தவர்கள். அவள் பிறந்து வளர்ந்தது கிராண்ட்பாஸில். தேயிலைச் செடியைத் தொட்டே பார்த்ததில்லை என்று ஒருநாள் சிரித்தபடி சொன்னாள். ஆனாலும் எங்கள் கட்டிடத்துப் பெண்களுக்கு அவள் "அந்த மலைநாட்டுப் பிள்ளை"தான். முப்பதை நெருங்குகிற, மூன்று பிள்ளை பெற்றவளை எந்தக் கூச்சமும் இல்லாமல் பிள்ளை என்றார்கள்.

லிஃப்டில் வேலைக்கு வருகிறவர்கள் ஏறக்கூடாது என்று கட்டிடக் கமிட்டி கடதாசியடித்து ஒட்டியிருந்தது. அதனால் வயிற்றில் பிள்ளையோடும் அவள் பின்பக்கப் படிகளால்தான் ஏறி வந்தாள். ஒருநாள் நான் அவளைக் கையில் பிடித்து லிஃப்டுக்குள் ஏற்றினேன். மூன்றாம் மாடியில் ஏறிய ஓய்வுபெற்ற டீச்சர் அவளுடைய வயிற்றைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இந்தச் சனத்துக்கு வேறை பொழுதுபோக்கு இல்லை, என்ன?" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை.

அதைவிட மோசம் அடுத்த சனிக்கிழமை. அக்கா கோயில் கமிட்டிப் பெண்களைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டிருந்தாள். பட்டுச்சேலைகள், வடை, ரோல்ஸ், ஒரு கேக். பேச்சு விலைவாசியில் தொடங்கி, ஏழைகளுக்கு ஏன் இவ்வளவு பிள்ளைகள் என்பதில் வந்து நின்றது.

"எங்கட வீட்டுக்கு வாறவளைப் பாருங்கோவன்," என்றாள் அக்கா. "வருஷத்துக்கொரு கலண்டர் மாதிரி."

சிரிப்பில் ஹோலே அதிர்ந்தது. ஒருத்திக்குச் சிரித்துப் புரையேறியது. அந்த நேரம் வடைத்தட்டோடு நின்றவள் அவள்தான். முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் தட்டை நீட்டினாள். புரையேறியவளுக்கு ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்ததும் அவள்தான். நான் எழும்பி அறைக்குள் போய்விட்டேன். கதவுக்கு வெளியே, இவர்களுக்கெல்லாம் அரசாங்கம் கட்டாயமாக ஒப்பரேஷன் செய்யவேண்டும் என்று ஒருத்தி சொன்னதும், மற்றவர்கள் "அதுதானே" என்றதும் கேட்டன. ஆட்டுக்குட்டிகளைப்பற்றிக் கதைப்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கதைத்தார்கள்.

அடுத்த கிழமை முழுக்க அவள் வேலைக்கு வரவில்லை. அக்கா முதல் நாள் திட்டினாள், இரண்டாம் நாள் வேறு ஆள் தேடத் தொடங்கினாள். நான் அவளுடைய ஃபோனுக்கு அடித்தபடியே இருந்தேன். கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி எடுத்தாள்.

"அவ வார்டுல இருக்கா மிஸ். ரத்தம் நிக்கல்ல. காய்ச்சலும் வந்திருச்சு. நாங்கதான் த்ரீவீல்ல தூக்கிட்டுப் போனோம்."

அக்காவிடம் சொன்னேன். அறைக்குள் போனாள். பிறகு அலுமாரிக்குள் கையை விட்டு, அக்குளில் கிழிந்த ஒரு பழைய நைட்டியை எடுத்துத் தந்தாள்.

"இதைக் கொண்டுபோய்க் குடு. பாவம்."

அந்தப் 'பாவம்' இன்னும் என் காதில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. நைட்டியை அங்கேயே கதிரையில் போட்டுவிட்டு, போகிற வழியில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு போனேன்.

அது ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டு. ஒரு கட்டிலில் இரண்டு பேர். இரத்தமும் பினாயிலும் பழைய சோறும் கலந்த மணம். அவள் சுவர்ப்பக்கமாகச் சுருண்டு கிடந்தாள். உதடு கடதாசிபோல வெளுத்திருந்தது. அவளுடைய கட்டிலைத் தாண்டிப் போன ஒரு அட்டெண்டன்ட் சிங்களத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி ஏதோ சொன்னாள். ஓரிரண்டு நோயாளிகள் சிரித்தார்கள். எனக்குச் சிங்களம் கடைக்காரரோடு கதைக்கிற அளவுக்குத்தான் வரும்.

"என்ன சொல்லுறாள்?"

"படுக்கிறப்ப இனிச்சுச்சாம், இப்ப மட்டும் வலிக்குதான்னு கேக்குறா," என்றாள் அவள், வேறு யாரையோ சொன்னதுபோல.

அந்த அட்டெண்டன்டும் ஒரு பெண். கழுத்தில் தாலிக்கொடிபோல ஒரு தங்கச் சங்கிலி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிற இன்னொரு பெண்ணைப் பார்த்து எப்படி அப்படியொரு வசனம் வருகிறது என்று யோசித்தேன். பழகிப்போயிருக்கும். அக்காவுக்குப் பழகியதுபோல.

நைட்டியைத் தலைமாட்டில் வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் குந்தினேன். அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்காரன் பத்திரிகைக் கடதாசியில் சுற்றி, கரு கலைக்கிற மருந்துக் குளிசை தந்திருக்கிறான். எப்படிப் போடவேண்டும், என்ன நடக்கும், இரத்தம் நிற்காவிட்டால் என்ன செய்யவேண்டும், ஒன்றும் சொல்லவில்லை. கையை மட்டும் ஆட்டி, கெதியாகப் போ என்று காட்டியிருக்கிறான். பிள்ளைகளை ஒரு பக்கம் படுக்க வைத்துவிட்டு, சீலைத் துணியை வாயில் கடித்தபடி தனியாகக் கிடந்திருக்கிறாள்.

"மனுசனுக்குத் தெரியுமோ?"

"தெரியாது மிஸ். நேத்து வந்தாரு. வீட்டுல யாரு ஆக்குறதுன்னு கேட்டுட்டுப் போனாரு."

அவளுடைய புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். நான் அதுவரை அவனைக் கண்டதில்லை.

"பிள்ளை வராமல் இருக்கிறதுக்கு ஒண்டும் செய்யேல்லையோ நீ?" என்று கேட்டேன்.

அவள் முதல்தரமாக என் முகத்தை நேரே பார்த்தாள்.

"ஊசி போட்டுக்கிட்டுத்தான் மிஸ் இருந்தேன். சின்னவன் பொறந்த கையோட மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்து சொல்லி, கிளினிக்ல போட்டு விட்டாங்க. மூணு மாசத்துக்கொருக்கா போகணும். புதன்கிழமை காலையில மட்டுந்தான் அந்தக் கிளினிக். ரெண்டாவது ஊசிக்குப் போக மெடத்துக்கிட்ட லீவு கேட்டேன். அன்னைக்கு வீட்டுக்கு ஆளு வராங்க, ஏலாதுன்னாங்க. அடுத்த புதனும் கேட்டேன். வேலை வேணுமா, கிளினிக் வேணுமான்னு கேட்டாங்க."

"எதுக்கெண்டு சொன்னனியோ?"

"சொன்னேன். புள்ள தங்காம இருக்குற ஊசின்னு சொன்னேன். சீ, இந்தக் கதையெல்லாம் இஞ்ச கதைக்காதன்னு சொல்லிட்டாங்க."

வடைத்தட்டோடு அவள் நின்ற அந்தச் சனிக்கிழமை கண்ணுக்கு முன்னால் வந்தது. லீவு கேட்டவளுக்கு இல்லையென்று சொன்ன அதே வாய், பட்டுச்சேலைகளுக்கு நடுவே அவளைக் கலண்டர் என்றது. அவளுக்கு அது தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே வடை பரிமாறியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டீவியை நிற்பாட்டினேன்.

"அவள் ஊசி போடப் போக லீவு கேட்டவளாம். நீங்கள் விடேல்லையாம்."

"ஆர் சொன்னது? ஏதோ கிளினிக் எண்டாள். எந்த நாளும் ஒரு சாட்டு."

"என்ன ஊசி எண்டும் சொன்னவளாம்."

அக்காவின் முகம் சிவந்தது. "அதுக்கு நான் என்ன செய்ய? நானோ அவளுக்குப் பிள்ளை குடுத்தனான்?"

"நீங்கள் ஒரு புதன்கிழமை குடுத்திருக்கலாம்."

"அவள் அடக்க ஒடுக்கமாய் இருந்தால் ஊசியும் தேவையில்லை, லீவும் தேவையில்லை."

அப்போது எனக்கு வந்தது கோபம் என்று சொல்லமாட்டேன். சோற்றுக்குள் புழுவைக் கண்டால் வருமே, அது. அக்காவின் இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு பிள்ளை தங்காமல் இருக்க அவள் லூப் வைக்கப் போன நாள் எனக்கு நல்ல ஞாபகம். தனியார் ஆஸ்பத்திரி. பெரிய டொக்டர் ஒருத்தரிடம் முன்கூட்டியே நேரம் எடுத்திருந்தார்கள். அத்தான் லீவு போட்டுவிட்டுக் காரோட்டிக்கொண்டு போனார். நான் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டேன். வருகிற வழியில் இரண்டு பேரும் செவ்விளநீர் குடித்து, சேலைக்கடையிலும் இறங்கி வந்தார்கள். அன்றைக்கு யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அக்கா வேலைக்குத் திரும்பிப் போனாள், பதவி உயர்வு எடுத்தாள், ஃபிளாட் வாங்கினார்கள்.

"நீங்கள் லூப் வைக்கப் போன அண்டைக்கு அத்தான் லீவு போட்டவர்," என்றேன்.

"சீ! வாயைப் பொத்து. பிள்ளையளுக்குக் கேக்கப்போகுது!"

அவ்வளவுதான் அவளுடைய பதில். எழும்பிப்போய்ப் பிள்ளைகளின் அறைக்கதவைச் சாத்தினாள். பிறகு டீவியைப் போட்டாள்.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் ஒரு புதன்கிழமை கந்தோருக்கு லீவு போட்டேன். கொட்டாஞ்சேனைப் பஸ் நிறுத்தத்தில் அவள் கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பெரியவளும் கூடவே நின்றாள், ஏழு வயது, பள்ளிக்கூடம் போகாமல். தாய் கிளினிக்குக்குள் போனால் தம்பியைத் தூக்கிக்கொண்டு நிற்க ஆள் வேண்டும் என்பதற்காக. பிள்ளையைத் தூக்கித் தூக்கி அந்தச் சிறுமியின் இடுப்பு ஒரு பக்கம் சரிந்திருந்தது. நான் சின்னவனை வாங்கிக்கொண்டு, பெரியவளைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு வரச் சொன்னேன்.

கிளினிக் ஒரு பழைய கட்டிடத்தின் கீழ்மாடி. நீட்டுப் பலகை வாங்குகளில் எல்லாரும் நெருங்கி இருந்தார்கள். அபாயா போட்ட ஒரு பெண்ணின் கணவன் வெளியே நின்று குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிங்களப் பெண், கலியாணமாகிக் கொஞ்ச நாள்தான் இருக்கும், தாயோடு வந்திருந்தாள். ஒருத்தரும் ஒருத்தரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. பல்லுப் பிடுங்க வந்ததுபோல, ரத்த அழுத்தம் பார்க்க வந்ததுபோல இருந்தார்கள். பல நாளாக என் நெஞ்சுக்குள் புளித்துக்கொண்டிருந்தது அந்த வாங்கில் இருந்தபோதுதான் கொஞ்சம் அடங்கியது.

அவளைக் கண்டதும் மிட்வைஃப் எழும்பி வந்தாள். முதலில் சிங்களத்தில் திட்டினாள், பிறகு கையைப் பிடித்தாள். உள்ளே மிட்வைஃப் கதைத்ததை அவள்தான் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"ரெண்டு தடவ வீட்டுக்கு வந்தாங்களாம். நான் வேலைக்குப் போயிருந்தேனே. ஊசின்னா திரும்பத் திரும்ப வரணும், கையில கம்பி வச்சிரட்டுமான்னு கேக்குறாங்க. அஞ்சு வருஷத்துக்குப் பயமில்லையாம். வேணாம்னா எப்பவும் எடுத்துக்கலாமாம்."

"நீ என்ன நினைக்கிறாய்?"

"நான் ஆமான்னுட்டேன் மிஸ்," என்றாள். என்னைக் கேட்கவில்லை; அறிவித்தாள்.

மேல்கையின் உட்பக்கம் மரக்க ஊசி போட்டு, தீக்குச்சிபோல மெல்லிய குச்சிகளைத் தோலுக்குக் கீழே தள்ளிவிட்டுக் கட்டுப் போட்டார்கள். நான் சின்னவனுக்கு பிஸ்கட் கொடுத்து முடிப்பதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. இதற்குத்தான் ஒரு காலை நேரம் தேவைப்பட்டது. இது கிடைக்காமல்தான் அவள் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

கட்டு அவிழ்க்க முன்பே புருஷன் கண்டுவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் கட்டிடத்துக்கு வந்து, செக்யூரிட்டியைத் தள்ளிக்கொண்டு கத்தினான். பல்கனிகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. நான் இறங்கிப் போவதற்குள் அக்கா கீழே நின்றாள். குடித்துவிட்டு வந்த அந்த மனுசனுக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டபடி.

"எங்களுக்கு ஒண்டும் தெரியாது தம்பி. எல்லாம் என்ரை தங்கச்சியின்ர வேலை. இனி அவளை இஞ்ச அனுப்பவேண்டாம்."

அவனிடமிருந்து வந்த சாராய நாற்றத்தைவிட அந்தக் கும்பிடுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. அவளுக்கு ஒரு காலை நேரம் கொடுக்காத கைகள் அவை.

"எதுக்குக் கம்பி வச்சீங்க?" என்றான் என்னைப் பார்த்து. "பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்கு? கண்டவன்கிட்டப் போறதுக்கா?"

"அவள் வார்டிலை கிடக்கேக்க உயிர் பிழைப்பாளோ எண்டு ஒரு தரமாவது கேட்டனீரோ?"

அவன் என் காலுக்குப் பக்கத்தில் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனான். மேலே ஒரு பல்கனியில் யாரோ, "இதுக்குத்தான் இந்த ஆக்களின்ர விஷயத்திலை தலையிடக்கூடாது" என்றார்கள். ஓய்வுபெற்ற டீச்சரின் குரல்.

வீட்டில் அவன் அடித்திருக்கிறான். அவளே பிறகு ஃபோனில் சொன்னாள், அழாமல். கம்பியை எடு, எடுத்துவிட்டு வா என்று நின்றிருக்கிறான்.

"கையோட வெட்டி எடுன்னு கத்திய எடுத்துக் குடுத்தேன் மிஸ். கீழ போட்டுட்டு வெளிய போயிட்டாரு. மனுசனுக்கு அவ்வளவுதான் தைரியம்."

அக்கா அவளைத் திரும்ப வேலைக்கு எடுக்கவில்லை. புதிதாக வந்து கேட்ட பெண்ணிடம், "உனக்கு இன்னும் பிள்ளை பெறுற வயசோ?" என்று நான் பக்கத்தில் இருக்கத்தக்கதாகவே கேட்டாள். அந்தப் பெண் கூனிக்குறுகிப்போய், இல்லை அம்மா, எல்லாம் நின்றுவிட்டது என்றாள். அக்கா திருப்தியோடு தலையாட்டினாள். அந்த வருஷக் கடைசியில் நான் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டோடு ஒட்டின அனெக்ஸ் வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கந்தோருக்குக் கிட்ட என்று ஊரில் இருக்கிற அம்மாவுக்குச் சொன்னேன். அதுவும் பொய்யில்லை.

அவள் வீட்டோடு இருக்கவில்லை. தோட்டத்தில் இருந்து கோட்டைப் பக்கத்து ஹோட்டலொன்றில் துணி வெளுக்கிற லோண்டரிக்கு வேலைக்குப் போகிற ஒருத்தி அவளையும் கூட்டிக்கொண்டு போனாள். நின்றபடி செய்கிற வேலை, ஆவியும் சூடும். முன்பென்றால் வயிற்றில் ஒன்றோடோ இடுப்பில் ஒன்றோடோ அந்த வாசலையே மிதித்திருக்க முடியாது. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்கினார்கள். கடைசிப் பையனுக்கு இரண்டு வயதானபோது பக்கத்துப் பகல் பராமரிப்பு நிலையத்தில் விட்டாள். பெரியவள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். தம்பியைத் தூக்கிச் சரிந்த அந்த இடுப்பு நிமிர்ந்ததைப் பிறகொருநாள் நான் கண்ணால் கண்டேன்.

கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போகிற சனத்துக்குள் ஒரு செவ்வாய்க்கிழமை என்னை யாரோ முதுகில் தட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் அவள். முதலில் ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை. கன்னம் சதை பிடித்திருந்தது. உதட்டில் நிறம் வந்திருந்தது. கொட்டிப்போயிருந்த தலைமயிர் முன்நெற்றியில் புதிதாக முளைத்து நின்றது. இழுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டில் தேத்தண்ணி தந்தாள்.

புருஷனும் இருந்தான். எழும்பிக் கதிரை தந்தான். பக்கத்து வீட்டுக்காரன் ஒருத்தன் ஐந்தாவது பிள்ளைக்குப் பெயர் வைக்கிறதைப்பற்றி வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தான். அவன் போனதும் இவன் என் பக்கம் திரும்பினான்.

"அறிவில்லாத ஆளுங்க மிஸ். நாங்க மூணோட நிப்பாட்டிட்டோம். அளவான குடும்பமா இருந்தாத்தான் புள்ளைங்கள முன்னுக்குக் கொண்டு வரலாம்னு நான்தான் இவகிட்டச் சொன்னேன்."

தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். அடித்த கை, துப்பிய வாய். அதே வாய் இப்போது ஊருக்குப் புத்தி சொல்கிறது. நான் அவளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு வந்தது. நான் அருவருத்துக்கொண்டு நின்ற இடத்தை அவள் எப்போதோ தாண்டிப் போய்விட்டாள்; அவளுக்கு நாளைக்கு வேலை இருந்தது, பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்க வேண்டியிருந்தது.

அவன் கடைக்குப் போன நேரம் மெல்லக் கேட்டேன்: "அஞ்சு வருஷம் முடிய என்ன செய்யப்போறாய்? இன்னொண்டு வேணும் எண்டு ஆசை ஏதும்?"

அவள் சட்டைக் கையை மேலே இழுத்து, உட்பக்கத்தில் அந்த மெல்லிய தடிப்பை ஒரு விரலால் தடவினாள்.

"தெரியல்ல மிஸ். ஆசை வந்தா எடுத்துடுவேன். வரல்லன்னா புதுசா ஒண்ணு வச்சிக்குவேன். இப்போதைக்கு வரல்ல."

மூலையிலிருந்து பெரியவள் பின்னக் கணக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு பேருமாக அவளுக்குப் பக்கத்தில் குந்தினோம். எனக்கும் அது சரியாக வரவில்லை.